கீழ்வீட்டுக் கறிவேப்பிலைச் செடி

கறிவேப்பிலைச் செடியொன்று கம்பளி போர்த்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த மாலையில் எனக்கு வயது ஆறு. அமெரிக்காவின் வெஸ்ட் வின்ட்சரில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் வாழ்ந்த முதியவர், மாடிப்படியின் குளிர் அதைத் தீண்டாதிருக்க அவ்வாறு போர்த்தி எடுத்துவந்தார். அவருடைய மனைவி அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் இறந்துபோயிருந்தார். அம்மையாரின் சாம்பலைக் காவிரியில் கரைக்க முதியவர் மறுநாள் ஊருக்குப் புறப்படவிருந்தார். திரும்பி வர ஆறு வாரம் ஆகும். செடி அம்மையார் வளர்த்தது.

“எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. எல்லாம் அவதான் பார்த்துப்பா,” என்று என் அம்மாவிடம் சொல்லித் தொட்டியை இறக்கிவைத்தார். மெலிந்த தண்டு சாய்ந்துவிடாதபடி, தம் பழைய நூற்புடவையின் ஊதாக்கரையைக் கிழித்து, அந்த நாடாவால் அதை ஒரு மூங்கிற்குச்சியோடு பிணைத்திருந்தார் அம்மையார். முதியவர் அந்த நாடாவை ஒருமுறை தொட்டுப் பார்த்தார், பிறகு படியிறங்கினார்.

வெயில் நாட்டுச் செடி குளிரில் வாடிவிடும் என்று அஞ்சிய அப்பா, தரையிலிருந்து வெப்பக்காற்று வீசும் துளையின் அருகிலேயே அதற்கு இடமளித்தார். அன்பினால் நிகழ்ந்த முதற்பிழை அது.

இரண்டாம் வாரத்தில் இலைகள் சுருளத் தொடங்கின. விளிம்புகள் உள்நோக்கி மடங்க, ஒவ்வோர் இலையும் ஒரு சிறு படகாயிற்று. தாகம் என்று அம்மா தீர்ப்பளித்தாள். கறிவேப்பிலைக்குப் புளித்த மோரைவிட மேலான மருந்தில்லை என்பது அவள் பிறந்த வீட்டில் ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. ஊற்றினாள். திறந்த நிலத்து மரத்துக்கு உகந்த மோர், சாளரங்கள் அடைத்த அறையின் சிறு தொட்டிக்குள் புளித்த வாடையாகத் தங்கிற்று. மண்ணிலிருந்து கொசு போன்ற பூச்சிகள் கிளம்பின. “இது செடியா, இல்ல தயிர்சாதமா?” என்று அப்பா கேட்டார். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மென்பொருள் எழுதும் தொழிலுடைய அப்பா, எந்தப் பிழைக்கும் காரணத்தைக் கண்டறிந்துவிடலாம் என்னும் நம்பிக்கை உடையவர். செடிநோய்களைப் பற்றி அலுவலகத்தில் அச்சிட்ட தாள்களைக் கொணர்ந்து மேசையில் பரப்பிப் படித்தார். பிறகு வெள்ளைத் தாளொன்றை இலைகளின் அடியில் பிடித்துக்கொண்டு, கிளையை மெல்லத் தட்டும்படி எனக்குச் சொன்னார். தாளின்மேல் மிளகாய்த்தூள் போலப் புள்ளிகள் உதிர்ந்தன. சற்று நேரத்தில் அவை நடந்தன. சிலந்திப்பேன், வறண்ட வெப்பத்தில் பெருகுவது. செடியை வெப்பத்துளையிலிருந்து அகற்றினோம். குளியல்தொட்டியில் சாய்த்து, மண்ணை நெகிழிப் பையால் மூடிக் கட்டி, இலைகளின் அடிப்புறத்தைச் சோப்பு நீரால் கழுவினோம். நான்கு நாளுக்கு ஒருமுறையாக மூன்று முறை கழுவியபின் பேன்கள் ஒழிந்தன. இலைகளோ நிமிரவில்லை, மஞ்சளித்து, அமைதியாக உதிரலாயின.

தொட்டியைக் கவிழ்த்தபோதுதான் காரணம் புலப்பட்டது. வேர்கள் பழுப்பேறிக் குழைந்திருந்தன. பள்ளிப் பேருந்து வருமுன் நான் நாள்தோறும் ஒரு குவளை நீர் ஊற்றிவந்தேன். நண்பகலில் அம்மா அரிசி கழுவிய நீரை ஊற்றினாள். மாலையில் அப்பா, மேலங்கியைக் கழற்றுமுன்பே ஊற்றினார். ஒருவர் ஊற்றியதை மற்றவர் அறியவில்லை. சொல்லியிருந்தால் செடியைப் பற்றிய அச்சத்தையும் சொல்ல நேர்ந்திருக்கும்.

அவ்வாரத்திலேயே முதியவர் தொலைபேசியில் அழைத்தார். கரைத்தாயிற்று என்றார். பிறகு செடியைப் பற்றி வினவினார்.

“சூப்பரா இருக்கு, அங்கிள். நீங்க வொர்ரி பண்ணாதீங்க. புதுசா துளிர்கூட விட்டிருக்கு,” என்றார் அப்பா, இலையற்ற தண்டைப் பார்த்தபடி.

சனிக்கிழமை அப்பா ஒரு மணிநேரம் காரோட்டிச் சென்று, வீட்டில் கன்று வளர்த்து விற்கும் ஒரு குடும்பத்திடமிருந்து ஏறத்தாழ அதே உயரமுள்ள செடியை வாங்கிவந்து, பழைய தொட்டியைக் கழுவி அதில் நட்டார். எஞ்சியது ஊதா நாடா. அம்மையார் இட்டிருந்த முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. அம்மா ஊக்கினால் நெடுநேரம் நெம்பி அவிழ்த்தாள். ஆனால் அதைப் புதிய தண்டில் கட்ட அவள் கை துணியவில்லை.

“நீ கட்டுடி. குழந்தை கட்டினா தப்பில்ல,” என்றாள்.

காலணி நாடா கட்ட அம்மாதம்தான் பள்ளியில் கற்றிருந்தேன். முயலின் இரு காதுகள் விரிந்தாற்போல அழகாகக் கட்டினேன். இறந்த செடியைக் குப்பையில் போட அம்மா இசையவில்லை. புதைக்கலாமென்றால் நிலம் உறைந்து கிடந்தது. அதைத் தாட்பையில் சுற்றிப் பால்கனி மூலையில் வைத்தார் அப்பா.

முதியவர் திரும்பி வந்தபோது மழித்த தலையில் நரைமயிர் அரும்பியிருந்தது. காப்பி வேண்டாம் என்றார். செழித்த இலைகளை அவர் பார்க்கவில்லை. விரல் நேரே நாடாவுக்குச் சென்றது. ஒரு நுனியை இழுத்தார், எளிதாக அவிழ்ந்தது. நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“யாரு கட்டினது?”

நான் முந்திக்கொண்டு, “ஐ டிட்,” என்றேன்.

“நல்லாக் கட்டியிருக்க, கண்ணு. எனக்கும் சொல்லிக் குடு.”

என் உயரத்துக்கு இறங்கித் தரையில் அமர்ந்தார். மும்முறை தவறி, நான்காம் முறை கட்டினார். முதுமையால் தடுமாறுகிறார் என்று எண்ணிய நான், அவசரப்படக் கூடாது என்று ஆங்கிலத்தில் அறிவுறுத்தினேன். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். எழுந்த முதியவர் அப்பாவின் தோளில் கைவைத்து, “நல்லாப் பார்த்துக்கிட்டீங்க, தம்பி,” என்றார். அதே கம்பளியைச் செடிக்குப் போர்த்திப் படியிறங்கினார்.

பெரியவர் ஒருவருக்கு முடிச்சிடக் கற்பித்ததை மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று கூறினேன், எல்லோரும் கைதட்டினர். செடி மாறியதை மட்டும், மிகுந்த சாமர்த்தியத்தோடு, ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்கள் கூடத்தில் அன்றிருந்த நால்வரில், அது முதியவருக்குத் தெரியாது என்று நம்பியவள் நான் ஒருத்திதான்.