பிரிக்காத பாலித்தீன் உறை

அத்தா சவூதியிலிருந்து கொண்டுவந்த கியர் சைக்கிளின் கைப்பிடியில் சுற்றியிருந்த பாலித்தீன் உறையை நாங்கள் பிரிக்கவே இல்லை. குடவாசலில் எங்கள் தெரு வழக்கம் அது. டேப் ரெக்கார்டர், சூட்கேஸ், கடிகாரம் எல்லாம் உறையோடுதான் இருந்தன. பிரித்துவிட்டால் வெளிநாட்டுச் சாமான் உள்ளூர்ச் சாமான் ஆகிவிடும் என்பது அம்மாவின் எண்ணம். "அத்தா அங்க சூப்பர்வைசரு. அவரு குடுத்ததைப் பாத்து ஓட்டு" என்பார்.

இரண்டு மழைக்காலம் அந்த உறைக்குள் தண்ணீர் தேங்கியது. மூன்றாவது ஐப்பசியில், நான் கல்லூரிக்குப் போகும் வழியில், துருப்பிடித்த கியர் கேபிள், உறைக்குள் இருந்த கியர் லீவருக்குள்ளேயே அறுந்தது. பெடல் கல்லாய்க் கனக்க, தள்ளிக்கொண்டு வந்தேன். அத்தா விடுப்பில் வர எட்டு நாள்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மனிதர். அவர் முகம் வாடுமே என்று பயந்தேன்.

கடைத்தெரு மெக்கானிக் பிரேக் கேபிளில் கெட்டிக்காரர். வெளியே நீட்டியிருந்த இழைகளைக் குறட்டால் பிடித்து இழுத்தார். இழைகள் கையோடு வந்தன, கேபிள் முனையிலிருந்த ஈயக் குண்டு உள்ளேயே தங்கிவிட்டது. "இது ஃபாரின் சரக்கும்மா, நம்மால ஆகாது" என்று சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார்.

அத்தா வந்த மறுநாளே சைக்கிளைக் கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. அம்மா கடைக்குப் போகும்வரை காத்திருந்து, கொல்லைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

முதல் வேலையாக உறையைக் கிழித்துப் போட்டார். ஒன்றாம் நம்பர் கியரில் நின்றிருந்த லீவரை ஆறுக்குத் தள்ளினார். "கடைசி நம்பர்ல வச்சாத்தான் குண்டு ஓட்டைக்கு நேரா வரும்" என்றவர், ஒரு கம்பித் துண்டை உள்ளே விட்டு அழுத்தினார். பார்வை கொடியில் காய்ந்த துணியில் இருந்தது, விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. குண்டு சிமெண்ட் தரையில் விழுந்தது. சூட்கேஸிலிருந்து புதுக் கேபிள் ஒன்றை எடுத்து வந்து மாட்டினார்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க, அத்தா?"

"அங்க எனக்கு வேலையே இதானேம்மா. சைக்கிள் கடை." கொஞ்ச நேரம் பெடலைச் சுற்றினார். "அம்மாகிட்ட மெக்கானிக் பாத்தாருன்னு சொல்லிடு."

சாயங்காலம் அம்மா கேட்டபோது அப்படியே சொன்னேன். அத்தா கிணற்றடியில் மூன்றாவது முறையாகச் சோப்புப் போட்டு நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை, அத்தாவைத் தொந்தரவு பண்ணாம விட்டே" என்றார் அம்மா. "அவருக்கு இதெல்லாம் எங்க தெரியும்."