ஆமை வண்டிக்குள் இருந்தவர்கள்

மாமா பட்டாளத்திலிருந்து நீண்ட விடுப்பில் வந்திருந்த கோடையில் நான் ஒரு கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தேன். ஆபீசில் வேண்டாமென்று கழித்துப்போட, அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த கம்ப்யூட்டருக்குள் இருந்தது அந்தக் கோட்டை. மதில்மேல் ஒரு டிராகன் காவல். கதவை இடித்துத் திறக்க என்னிடம் இரும்புத் தகடு போர்த்திய வண்டிகள் இருந்தன. உள்ளே தாடிவைத்த குள்ளர்கள் உட்கார்ந்து தள்ளுவார்கள். மெல்ல ஊர்வதால் ஆமை வண்டி என்று பெயர் வைத்திருந்தேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் போய்விட்டதால் சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீடுதான் அவருக்கும் வீடு. எல்லையில் கவச வண்டி ஓட்டியவர். அந்த முறை வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. அவர் தூங்கும்போது குக்கர் வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். விசில் சத்தம் அவரை என்ன செய்துவிடும் என்று எனக்கு விளங்கவில்லை.

என் ஆட்டத்தை முதலில் எட்ட நின்று பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வண்டிகளைக் கோட்டைப் பாலத்தில் ஒட்டி ஒட்டி அனுப்பாதே, இடைவெளி விடு என்றார். விட்டேன். அன்றுதான் என் வண்டி ஒன்று முதல்முறையாகப் பாலத்தைக் கடந்தது. அதன்பின் அவர் இல்லாமல் நான் ஆடியதில்லை.

செவிலிமேட்டில் மாமாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பெண்ணின் அப்பாவும் அண்ணனும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பாத்திரம் உருண்டால்கூட அம்மாவுக்கு அன்று தூக்கிவாரிப்போட்டது. மாமாவுக்குச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். அவர்கள் வரும்வரை அவரோடு அமைதியாக ஆடிக்கொண்டிரு என்று என்னை உள்ளறைக்கு அனுப்பினாள்.

அன்று எங்கள் முதல் வண்டி கதவை நெருங்கியபோது சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மேலிருந்த காவலர்கள் கொதிக்கும் எண்ணெயைக் கொட்டினார்கள். டிராகன் தலையைத் திருப்பி நெருப்பை ஊதியது. தகடு சிவந்துகொண்டே வந்தது.

"எறங்கச் சொல்லு" என்றார் மாமா.

இறங்கிவிட்டால் கதவை யார் இடிப்பது என்று கேட்டேன்.

"எல்லாரையும் எறங்கச் சொல்லுமா. உள்ள ஆளுங்க இருக்காங்க."

இறக்குவதற்கு அந்த ஆட்டத்தில் வழியே இல்லை. நான் எல்லாப் பொத்தானையும் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அவர் மவுசைப் பிடுங்கி வண்டியின்மேல் திரும்பத் திரும்பத் தட்டினார். தட்டும்போதெல்லாம் குள்ளர்கள் உள்ளிருந்து ஏதோ ஒரு சொல்லை உற்சாகமாகக் கூவினார்கள். புது நீலச் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியது. வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்று மானிட்டரைக் கையால் அறைந்தார்.

"கதவத் தொறடா! டேய், கதவத் தொற!"

அம்மா ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் பெண்ணின் அப்பாவும் அண்ணனும் நின்றார்கள். மாமா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி எரிந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் பின்னால் வந்த வண்டி அதற்குள் கதவை உடைத்திருந்ததால் வெற்றி முரசு கொட்டத் தொடங்கியது.

"இன்னாம்மா ஆச்சு?" என்று பெரியவர் கேட்டார். எனக்கு அப்போது ஜெயித்த பெருமை.

"ஒண்ணும் இல்ல தாத்தா. மாமா என்கூட கேம் ஆடிக்கினு இருந்தாரு. ஜெயிச்சிட்டோம்."

பெரியவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெல்ல முகம் தளர்ந்து சிரித்தார். குழந்தைகளோடு குழந்தையாக இருக்கிறாரே என்று மகனிடம் சொன்னார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், விளையாட்டு என்றால் உலகமே மறந்துபோகும் என்றாள். காபி வந்தது, கல்யாண மாதமும் முடிவானது. அதற்கு நடுவில் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, மூச்சு முட்டும்படி அணைத்துக்கொண்டாள். கோட்டையைப் பிடித்ததற்காக என்று நினைத்தேன்.

ஆவணியில் கல்யாணம். விடுப்பு முடிந்து மாமா திரும்பிப் போனபின் அத்தை எங்களோடு இருந்தாள். ஒரு மத்தியானம் எனக்குத் தலை வாரிக்கொண்டே, தன் அப்பா வந்த அன்று மாமா என்ன ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார் என்று சாதாரணமாகக் கேட்டாள். அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பள்ளம், எண்ணெய், டிராகன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மாமா எல்லோரையும் இறங்கச் சொன்னதைச் சொன்னபோது சீப்பு நின்றது.

"தூக்கத்துலயும் அதையேதான் சொல்வாரு" என்றாள் அத்தை. அதை அவள் சொன்னது என்னிடம் அல்ல.

வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"சொன்னா கல்யாணம் நின்னுடும்னு பயந்துட்டேம்மா."

"இப்பவாவது சொல்லுங்க அண்ணி" என்றாள் அத்தை.

பாதி பின்னிய சடையோடு என்னை வெளியே போய் விளையாடச் சொல்லிவிட்டார்கள். டிராகனை ஏமாற்றிக் கதவை உடைத்த கதையை இவ்வளவு விவரமாகச் சொல்லியும் ஒருவர்கூட என்னை மெச்சவில்லையே என்ற மனத்தாங்கலோடு நான் தெருவில் இறங்கினேன்.