வேலிக்குள் மட்டும் வரியில்லை

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கையொப்பம் என்று வழக்கறிஞர் குறித்திருந்தார். இராகு காலம் கழியட்டும் என்று நண்பர் அதைப் பன்னிரண்டரைக்குத் தள்ளிவைத்தார். அந்த ஒன்றரை மணி நேரந்தான் எனக்குக் கிடைத்த அவகாசம்.

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் நெடுங்காலம் நடத்திவந்த பலசரக்குக் கடையை அவர் அன்று விற்கவிருந்தார். நாட்டை வெளிமுதலீட்டுக்குத் திறந்துவிடும் கொள்கையின்படி, இலங்கையின் வடக்கே ஒரு துறைமுகத்தைச் சுங்கவரியற்றதாக்கத் திட்டம் வகுத்திருந்தார்கள். பிரெஞ்சு வாசனைத் திரவியங்களை அங்கே இறக்கி யாழ்ப்பாணத்தில் விற்பது அவர் எண்ணம். அத்திட்டத்தின் ஆங்கில ஆவணத்தை வாசித்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார். நானோ முன்னுரையை மட்டும் வாசித்துவிட்டு, நல்ல திட்டம் என்றேன். அதை நம்பியே கடையை வாங்க ஆள் பார்த்தார்.

அன்று காலை மனம் உறுத்தவே பின்னிணைப்பைப் புரட்டினேன். துறைமுக வேலிக்குள் இருக்கும்வரையில்தான் பொருளுக்கு வரியில்லை. வாயிலைக் கடந்து நாட்டுக்குள் போனால் முழு வரி.

தொலைபேசியை அவர் அணைத்து வைத்திருந்தார். வாங்குபவர் கடைசி நேரத்தில் விலையைக் குறைக்கக் கேட்பார் என்ற அச்சம். அவர் குடியிருந்த புறநகரான செவ்ரானிலிருந்து எந்த இரயிலில் வருவாரோ தெரியாது. கார் து நோர் இரயில் நிலையத்தில் இரு படிக்கட்டுகளுக்கிடையே ஓயாமல் நடந்தேன். பன்னிரண்டு மணியளவில், நெற்றியில் திருநீற்றோடும் கையில் கடைச் சாவியோடும் மேலே வந்தார்.

நடந்தபடியே சொன்னேன். அவர் நடையைத் தளர்த்தவில்லை.

"நல்லதெண்டு சொன்னது நீங்கள்தானே அண்ணை?"

"ஓம். முழுக்க வாசிக்கேல்லை. பிழை என்னிலைதான்."

வழக்கறிஞர் அலுவலக வாசலை அடைவதற்குள், கையெழுத்திட வேண்டாம் என்று இருமுறை கெஞ்சினேன். அங்கே நின்று, வெளிநாட்டு மிளகாயை வேலிக்குள் இறக்கி, அரைத்துப் பொதியிட்டு மறுபடி வெளிநாட்டுக்கே அனுப்பினால் வரி உண்டா என்று கேட்டார். தாளைப் பார்த்து, இல்லை என்றேன்.

"அப்ப வாசனையை விடுவம். தூளை அரைச்சு இஞ்சையே அனுப்புறன். இந்தத் தெருவிலை ஆர் என்ன விலைக்கு வாங்குவினம் எண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்?"

"அவசரப்படாதேங்கோ. இன்னும் இருபது பக்கம் கிடக்கு."

"வாசியுங்கோ. நான் சொல்லைக் குடுத்திட்டன்."

அவர் படியேறினார். எதிரேயிருந்த தேநீர்க்கடையில் அமர்ந்து, ஆவணத்தை விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். ஒரே வரியை மூன்று முறை வாசித்தும் பொருள் மனத்தில் நிற்கவில்லை. கண்கள் அந்த வாசலுக்கே திரும்பின. ஏழு பக்கம் முடிவதற்குள், வெறுங்கையோடு அவர் இறங்கி வந்தார். கடைச் சாவி அவரிடம் இல்லை.