மலேசியாவுக்கு ஒரு பிளக்

எனக்கு நாடுகளைச் சுவரில் இருக்கும் ஓட்டைகளை வைத்துத்தான் தெரியும். ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் நாடு நாடாகப் போய்க்கொண்டிருப்பவள் நான். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. ஓர் ஊரில் இறங்கியதும் கூட வந்தவர்கள் கடலைப் பார்க்கப் போவார்கள். நான் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து பிளக் பாயிண்ட்டைப் பார்ப்பேன். எந்த நாட்டையும் பார்ப்பதற்கு முன்பே, மம்சாபுரத்தில் இருந்தபோதே வந்துவிட்ட புத்தி இது.

அப்பா இறந்த பிறகு அம்மா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு பஸ்ஸில் போய்வந்தாள். சோற்றுக்கு வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அப்போதுதான் எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர், மலேசியாவில் ஒரு வீட்டில் சமையல் வேலை இருப்பதாகச் சொன்னார். அம்மா அவரை அண்ணாச்சி என்பாள். தானே பலமுறை மலேசியா போய்வந்தவர் என்று அவர் சொல்லிக்கொண்டதால் யாரும் அதிகம் துருவவில்லை. அம்மாவின் பாஸ்போர்ட்டையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். நான் மாமா வீட்டில் இருப்பதென்று முடிவானது.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். எங்கள் தெருவிலிருந்து அப்படி வேலைக்குப் போன ஓர் அக்காவிடமிருந்து வெகுகாலம் பேச்சே இல்லை. திரும்பி வந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. ஏன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம், "சார்ஜர் அந்த ஊர்ச் சொவத்துல ஏறல" என்றாள். பெரியவர்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் பேச்சை மாற்றினார்கள். நான் மட்டும் அதை அப்படியே நம்பினேன். சார்ஜர் ஏறவில்லையென்றால் அம்மா இல்லை.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த மாமாவுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. எங்கள் வீட்டு டேபிள் ஃபேனுக்கு பிளக் கிடையாது. ஒயர் முனைகளைச் சீவி, போர்டு ஓட்டையில் விட்டு, தீக்குச்சியை ஒடித்துச் செருகி இறுக்கியிருப்போம். தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். "ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸு, ரெண்டு தீக்குச்சி. எந்த நாட்டுக் கரண்டும் வந்துதான் ஆவணும்" என்று சொல்லி, அம்மாவின் பையில் ஒரு பண்டல் தீப்பெட்டியையும் வைத்துவிட்டார். பிளேனில் தீப்பெட்டி ஏற்றமாட்டார்கள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

அம்மா அதை எடுத்து வெளியே வைத்தாள். "அடுத்தவ வீட்டுச் சொவத்துல குச்சியச் சொருகுனா, அன்னைக்கே நம்மளத் திருப்பி அனுப்பிருவாக" என்றாள்.

நானும் அம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு கறுப்பு அடாப்டரை எடுத்து, இப்படித் தள்ளினால் ஒரு நாடு, அப்படி இழுத்தால் ஒரு நாடு என்று காட்டினார். "இது ஒண்ணு இருந்தா ஒலகத்தையே சுத்தலாம்க்கா." அம்மா தன் சார்ஜரை அதில் செருகி விரலால் தட்டினாள். தொளதொளவென்று ஆடியது.

"தறியில பிளக் ஆடுனா பொறி பறக்கும் தம்பி. ஆடாததாக் குடுங்க."

"ஆடாததுன்னா ஒரு நாட்டுக்கு ஒண்ணாத்தான் வாங்கணும். எந்த நாடு?"

"மலேசியா!" என்று நான் கத்தியதில் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் மலேசியா அவரிடம் இல்லை. ராஜபாளையத்தில் பார்க்கச் சொன்னார்.

ராஜபாளையத்துக் கடையில் இருந்தது. வெள்ளை நிறம், பின்னால் தடித்தடியாக மூன்று பட்டைப் பின்கள். அம்மா அதைச் சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும் கடைக்காரர் சிரித்தார். அவருடைய மகளை மலேசியாவில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். உடனே அவளுக்குப் போன் போட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் போட்டோ வந்தது. "பாருங்கம்மா, எம்மக வீட்டு அடுப்படி." ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில், சுவரில் மூன்று பட்டை ஓட்டைகள். நான் ஓட்டைகளைப் பார்த்தேன். அம்மா அந்த அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், போனைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி அக்குளில் பையோடு வந்தார். அந்த வாரமே பயணம் என்றார். நான் ஓடிப்போய் அடாப்டரைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"என்ன பாப்பா இது, எருமப் பல்லு மாதிரி?" என்று சிரித்தார். "தூக்கிப் போடு. நம்ம சார்ஜரே அங்க அப்படியே ஏறும். உருண்டையா ரெண்டு பின்னு. நான் எம்புட்டுத் தடவ சொருகிருக்கேன்!"

மாமாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. காபியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"எந்த ஊர்ல அண்ணாச்சி?"

"மலேசியாலதான், வேற எங்க?"

"மலேசியாச் சொவத்த நான் பாத்துட்டேன். நீங்க சொருகுனது எந்த ஊருச் சொவரு?"

அவர் காபியை வாங்கி ஊதினார். "அது வந்து, மொதல்ல எறக்குற எடம் வேற தங்கச்சி. அங்கன கொஞ்ச நாள் இருந்துட்டு, பொறவு..." அந்த இடம் எதுவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

"காபி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள் அம்மா. "பாஸ்போர்ட்ட மட்டும் வச்சிட்டுப் போங்க."

அது ஆபீஸில் இருப்பதாக அவர் சொன்னார். மாமாவின் சிரிப்பு எப்போது நின்றதென்று நான் கவனிக்கவில்லை. நாற்காலியைத் தூக்கி வாசல்படிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். "பையில நல்லாத் தேடிப் பாருங்கண்ணாச்சி. எனக்கு லீவு இன்னும் நெறையக் கெடக்கு."

பாஸ்போர்ட் பையிலேயே இருந்தது.

அவர் போனதும் நான் அழ ஆரம்பித்தேன். தப்பான பிளக்கை வாங்கிவந்து அம்மாவின் பயணத்தைக் கெடுத்துவிட்டதாக எனக்கு உறுதியாகிவிட்டது. "ராஜபாளையத்துக்குப் போயி உருண்டையா மாத்திட்டு வந்துருவோம்மா" என்றேன்.

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "சரியாத்தான் ஏட்டி வாங்கிருக்கோம். அதான் போகல."

"சரியா வாங்குனா போகத்தான வேணும்?"

"போவோம். எந்த வீடு, எந்த அடுப்படின்னு தெரிஞ்சிக்கிட்டுப் போவோம்."

அப்படியே போகவும் செய்தாள். அந்தக் கடைக்காரர் தன் மகள் மூலமாகவே விசாரித்து ஒரு நல்ல வீட்டைச் சொல்ல, அடுத்த வருடம் மலேசியாவுக்குப் போனாள். ஞாயிறு தவறாமல் போன் வந்தது. ஆனால் அதெல்லாம் பிறகு.

அன்று சாயங்காலம், பயணத்துக்கென்று போட்டு வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலை அம்மா திறந்தாள். மறுநாள் காலையில் அதே பஸ், அதே தறிதான். ஆனாலும் மாமாவிடம் ஏதேதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு, இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டாள். மலேசியா போக முடியாமல் போன ஒருத்திக்கு இத்தனை பசி எங்கிருந்து வந்ததென்று தெரியாமல், நான் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.