ஒரு டீ ஆறுவதற்குள்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்துக் கூடத்தில், இருபத்திரண்டு வருடமாக நோயாளி வண்டிகளுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தவருக்கு ‘ஒரே தட்டு’ என்று பெயர். எந்தச் சக்கரம் முரண்டு பிடித்தாலும் சுத்தியலால் ஒரு தட்டு, வண்டி ஓடும். உண்மையில் அதற்கு முன்னால், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒன்பது தட்டு தட்டியிருப்பார். அதை மட்டும் செத்தாலும் சொல்ல மாட்டார். தொழில் கௌரவமாம்!

வார்டுத் தரையில் கிடக்கும் தலைமுடியும் நூலும் சக்கரத்தின் அச்சில் சுற்றி இறுகிவிடும். ஒருநாள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழியில் வண்டி அப்படியே நின்றுபோக, நாலு பேர் நோயாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. ஆறு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுப் பின்பக்கம் முட்டி மோதினார். மனைவி சலூனிலிருந்து மூட்டை முடி வாங்கி வந்து தரையில் தூவுவாள். இவர் வண்டியைத் தள்ளுவார். நாற்பத்து மூன்று சக்கரம் பாழாயிற்று. தன் தெருக் கடையில் போட்டால் மானம் போகும் என்று, இரண்டு பஸ் மாறிப் போய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வந்தார். நாற்பத்து நாலாவது ஓடியது. அச்சோரமாகச் சீப்புப் பல் போல ஒரு சின்னக் கத்தி. முன்னால் போகும்போது ஒதுங்கியிருக்கும். வண்டியை ஒரு சாண் பின்னால் இழுத்தால் முடியை அறுத்து உதறிவிடும்.

காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கிடைத்தால் அந்தச் சக்கரம் அவருடையது. கிடைக்காவிட்டால், விண்ணப்பம் வெளியானதுமே அதைப் பார்த்துச் செய்து விற்க ஆரம்பித்திருந்த ஒரு கம்பெனி இஷ்டத்துக்கு விற்கும். கம்பெனி எதிர்ப்பு மனுப் போட்டது. இவருடைய வக்கீலம்மா விவரம் கேட்டபோதுகூட, “ஒருநாள் மத்தியானம் தோணிச்சும்மா” என்று முடித்துவிட்டார். ஏதோ சொல்ல வந்த மனைவியை ஒரு முறை முறைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடாமல் இருந்திருக்கலாம்.

விசாரணை நாளில், மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் கம்பெனி வக்கீல், பேச்சில் தேன் ஒழுகியது. யாரோ எப்போதோ வாங்கிய இரண்டு பழைய காப்புரிமைக் காகிதங்களை நீட்டினார். ஒன்றில், முடி புகாமல் சக்கரத்துக்கு மூடி. இன்னொன்றில், தரை பெருக்கும் மெஷினில் முடி அறுக்கும் கத்தி.

“உங்க கைத்திறமைய ஆஸ்பத்திரியே புகழுதே! இத முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு சார்?”

‘சார்’ என்றதும் இவர் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. “ஒரு டீ ஆறறதுக்குள்ள முடிச்சுட்டேன்.”

“அடேயப்பா! இந்த ரெண்டு காகிதத்தையும் பார்த்தா, உங்க தொழில்ல இருக்கற மத்தவங்களும் செஞ்சிருவாங்களா?”

சக தொழிலாளியை விட்டுக்கொடுக்க முடியுமா? “எவனா இருந்தாலும் செஞ்சிருவான் சார். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?”

அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார். வக்கீலம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இவரோ வெளுத்து வாங்கிவிட்ட திருப்தியோடு வெளியே வந்தார்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க!” வராந்தாவில் வக்கீலம்மா அவரை மடக்கினார். “புதுசா இருந்தா மட்டும் போதாது. தொழில் தெரிஞ்ச சாதாரண ஆளுக்கு, ஏற்கெனவே இருக்கறதப் பார்த்ததுமே அது தோணிடக் கூடாது. சட்டமே அதுதான். எவனும் செஞ்சிருவான்னு நீங்களே சொல்லிட்டு வர்றீங்க!”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “அப்போ... நான் ஆறு வருஷம் திண்டாடினது?”

“எந்த ஆறு வருஷம்?”

கூட வந்திருந்த மனைவிதான் சொன்னாள், ஒன்றுவிடாமல். வக்கீலம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “அந்த நாப்பத்து மூணுல ஒண்ணாவது இருக்கா?”

ஒன்றுகூட இல்லை. எல்லாம் எங்கேயோ உருகிக் கம்பியாகியிருக்கும். வக்கீலம்மா எழுதிக் கொடுத்துப் பார்த்தார். ஆதாரம் இல்லாத பேச்சு எடுபடவில்லை. இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு. காரணத்தில் அவர் சொன்ன வாக்கியமே அச்சாகியிருந்தது. அவர் அதை மூன்று தரம் படித்தார். மூன்று தரமும் வேறு யாரோ சொன்னது போலத்தான் இருந்தது.

சேதி கேட்டு மனைவியின் அண்ணன் வந்தார். அவரும் இதே தொழில்தான், வேறொரு ஆஸ்பத்திரியில். வந்ததும் வராததுமாக ஒரு கோணிப்பையைத் தரையில் கவிழ்த்தார். சக்கரங்கள். பத்திருபது இருக்கும், எல்லாம் அச்சோரம் அறுத்தும் ஒட்டியும் பாழானவை.

“எவனும் செஞ்சிருவான்னு சொன்னீங்களாமே மாப்பிள்ளை? எவன் செஞ்சான்? எட்டு வருஷமா நான் மண்டைய உடைச்சுக்கிட்டேன், வரல. எங்க ஷெட்டுல இன்னும் மூணு பேர் தலைகீழா நின்னு பார்த்தாங்க, அவங்களுக்கும் வரல. நீங்க ஒரே மத்தியானத்துல முடிச்சேன்னு சொன்னப்புறம் இத எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளிய காட்டுவேன்?”

அவர் குனிந்து ஒரு சக்கரத்தை எடுத்துத் திருப்பினார். கத்தியின் பல் சாய்ந்திருந்த விதம் நன்றாகத் தெரிந்ததுதான். அவருடைய பதினேழாவது சக்கரத்தில் விழுந்த அதே தப்பு.

“இத ஏன் மச்சான் முன்னாடியே சொல்லல?” என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.