தோள்பட்டைக் குழி

என் வீட்டுக்காரர் வாலிபால் ஆடிச் சம்பளம் வாங்கியவர். வலைக்கு மேல் எழும்பி அவர் அடித்த அந்த அடிக்காகத்தான் கம்பெனி அவரை வைத்திருந்தது. அடி போனால் வேலையும் போச்சு. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருடைய தோளைத் தவிர.

ஒரு நாள் முதுகில் தைலம் தேய்க்கும்போது வலது தோள்பட்டையில் என் விரல்கள் பள்ளத்தில் இறங்கின. இடப்பக்கம் சதை கெட்டியாக இருக்க, வலப்பக்கம் வெறும் எலும்பு.

"என்னங்க இது, சதையையே காணோம்?"

"அடி பைத்தியம், ஸ்மாஷ் அடிக்கிறவனுக்கு இது இருக்கணும். எங்க கோச்சுக்கே இருக்கு!"

அந்தக் கூட்டத்தில் அது ஒரு பதக்கமாம். உடை மாற்றும்போது ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்களாம். குழி ஆழமாக இருந்தால் ஆள் பெரிய ஆளாம். கருமம்! டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினேன், கத்தினேன், தலையில் அடித்துக்கொண்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "வலிக்கவே இல்லையே!" வலித்துத் தொலைத்திருந்தால் அன்றே போயிருப்பார்.

பிறகு அவர் அடித்த பந்தெல்லாம் வலையிலேயே விழ ஆரம்பித்தது. ஒரு காலையில் தலை வாரத் தூக்கிய கை பாதியிலேயே சோர்ந்து இறங்கியது. அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை, இழுத்துக்கொண்டு போனேன்.

"கையை ஓங்கி ஓங்கி அடிச்சதுல ஒரு நரம்பு நசுங்கிக் கிடக்கு" என்றார் டாக்டர். "அது சதையை அசைக்கிற நரம்பு, அதான் வலி தெரியல. ஆபரேஷன் பண்ணி நசுக்கத்தை எடுத்துடலாம். ஆனா கரைஞ்ச சதை பழையபடி வராது."

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டார் இவர்.

"சதை திரும்ப வந்திருக்கலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

ஆபரேஷன் முடிந்தது, அடி திரும்பவில்லை. கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. மைதானத்து அறையிலிருந்த அவருடைய சாமான்களை எடுக்க நானும் கூடப் போனேன். அவருடைய இடத்துக்கு வந்திருந்த புது ஆட்டக்காரர் சட்டையில்லாமல் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தார். இவர் சட்டென்று அவர் முதுகில் கை வைத்துத் தடவினார்.

"குழி விழுதே, தம்பி!"

அந்த முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாண்ணே! இப்பத்தான் விழ ஆரம்பிச்சிருக்கு."

"உடனே டாக்டர்கிட்ட போ."

"எதுக்குண்ணே? வலிக்கவே இல்லையே!"

நான் இவரைப் பார்த்தேன். இந்தத் தடவை தலையில் அடித்துக்கொண்டவர் இவர்தான்.