துடைத்த விரல்

என் வீட்டுக்காரர் கேக் மேல் எழுதுகிறவர். பேக்கரியில் அவருக்கு ரோஜா மாஸ்டர் என்று பெயர். ஐசிங்கில் அவர் ரோஜா போட்டால் இதழ் இதழாகத் தனித்துத் தெரியும். இருபத்தாறு வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட மனுஷனை எட்டு மாசம் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தேன். நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் என் மேல் மட்டும் கோபப்பட்டு நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. மற்றவர்களுக்கும் பங்கு இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் பேக்கரியில் டெலிவரிக்குத்தான் சேர்ந்தார். ஒருநாள் எழுதுகிற ஆள் வரவில்லை. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, நான் எழுதட்டுமா என்று இவர் கேட்டிருக்கிறார். அன்றைக்கு உட்கார்ந்தவர் அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார். நாலரைக்கு ஐசிங் சர்க்கரையைச் சலிக்க ஆரம்பிப்பார். அது மாவை விட நைஸாக இருக்கும், தும்மினால் அறை முழுக்கப் பறக்கும். இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். வேலை முடியும்வரை கையை அதில் துடைப்பாரே தவிர, தண்ணீர்ப் பக்கம் போகவே மாட்டார். ஈரக் கை பட்டால் ஐசிங் இளகி, போட்ட ரோஜா தலையைத் தொங்கப்போட்டுவிடும். இதில் அவர் அவ்வளவு கறார்.

ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குச் சுகர் என்று தெரிந்தது. கேள்விப்பட்ட ஒருவர் கூட ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். கேக் கடையில் வேலை பார்த்தால் வராமல் என்ன செய்யும் என்றார்கள். என் நாத்தனார், அவர் கூடப் பிறந்த தங்கை, அண்ணன் சம்பளத்தில் பாதியை வாயாலேயே வாங்கிக்கொள்கிறார் போலிருக்கிறது என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் இனிப்பை நாக்கில் வைப்பதில்லை என்று முடிவு செய்தார். ஐசிங் பதம் பார்க்க வேண்டுமானால் கூட ஓவன்காரரைக் கூப்பிட்டு அவர் நாக்கைக் கடன் வாங்குவார்.

டாக்டரிடம் போனோம். தெருமுனை கிளினிக். சுகர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி, தினமும் காலையில் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எப்படிக் குத்துவது, மெஷினில் செருகுகிற பட்டையில் ரத்தத்தை எப்படித் தொடுவது என்று நர்ஸ் காட்டிக்கொடுத்தாள். காலையில் ஆறு மணி, வெறும் வயிறு, மறக்கக் கூடாது என்றாள். என் வீட்டுக்காரர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஆள். ஆறு என்றால் ஆறுதான். ஆறு மணிக்கு அவர் வீட்டிலா இருக்கிறார்? மெஷினைப் பேக்கரி அலமாரியில் வைத்துக்கொண்டார். ஆறு அடித்ததும் ஐசிங் பிழிகிற கூம்பைக் கீழே வைப்பார், கையைத் துணியில் துடைப்பார், விரலில் குத்துவார், வந்த எண்ணை எழுதுவார், மறுபடி கூம்பை எடுப்பார். கடைக்கு விடுமுறை நாளில் மெஷின் அலமாரியிலேயே கிடக்கும், நோட்டில் அன்றைக்கு ஒரு கோடு.

நூற்றுத் தொண்ணூறு. இருநூற்றுப் பத்து. இருநூற்று முப்பத்தெட்டு. நோட்டை நான்தான் மாசா மாசம் டாக்டரிடம் நீட்டுவேன். டாக்டர் மூன்று விரலால் பக்கத்தைத் தள்ளுவார், உதட்டைப் பிதுக்குவார். ராத்திரி என்ன சாப்பிடுகிறார் என்று என்னிடம் கேட்பார், அவரிடம் கேட்கமாட்டார். நான் சமைத்துப் போடுவதை ஒப்பித்தால், வீட்டில் நீங்கள் போடுவது சரி, வெளியில் அவர் போட்டுக்கொள்வது என்ன என்று ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் சர்க்கரை டப்பாவைத் துணி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிஸ்கட்டை எண்ணி வைத்தேன். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். அவர் தூங்கும்போது வாயருகே குனிந்து மோந்து கூடப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒருநாள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். "நான் சாப்பிடல" என்றார். திரும்பிப் படுத்தார். எட்டு மாசத்தில் அவர் எத்தனை தடவை இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார் என்று தெரியாது. நான் ஒரு தடவை கூட நம்பவில்லை. மெஷின் பொய் சொல்லுமா என்று எனக்கு எண்ணம்.

டாக்டர் மாத்திரையை ஒன்றரையாக்கினார், அப்புறம் இரண்டாக்கினார். அதற்கப்புறம் பத்து பத்தரை மணிக்கு அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. எழுத்து கோணியது. ஒரு குழந்தையின் பெயரில் ஒரு எழுத்தையே விட்டுவிட்டார். வாடிக்கையாளர் வந்து கத்தினார். சுகர் ஏறிப்போனால் இப்படித்தான், அடுத்த மாசமும் நோட்டு இப்படியே இருந்தால் ஐசிங் மேஜையை விட்டு ரொட்டி அடுப்புக்குப் போய்விடு என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த மேஜை போனால் இவர் ஆளே இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னும் கடுமையாகக் காவல் காத்தேன்.

அப்புறம் அந்த நாள். பத்தே முக்காலுக்கு முதலாளியிடமிருந்து போன். உன் வீட்டுக்காரர் ஐசிங் பாத்திரத்தில் கையை விட்டுத் தின்கிறார், நீயே வந்து பார் என்றார். செருப்பு மாட்டக் கூடத் தோன்றாமல் ஓடினேன். இரண்டு தெருதான்.

மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வாய் ஓரத்தில் வெள்ளையாக ஐசிங், கையில் ஒரு கரண்டி. சுற்றிலும் ஓவன்காரர், கல்லாக்காரி, பாக்கெட் கட்டுகிற பெண்கள் எல்லோரும் நின்றார்கள். முதலாளி அவர் விரலைப் பிடித்துக் குத்திப் பார்த்திருந்தார். மெஷினை என் முகத்துக்கு நேரே காட்டினார். இருநூற்று எண்பத்தாறு.

"கண்ணு இருட்டிட்டு வந்துச்சு, ஒரு கரண்டிதான்" என்றார் இவர். இன்னொரு கரண்டி எடுக்கப் போனார். கை தடுமாறியது. நான் கரண்டியைப் பிடுங்கினேன். அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன்: "இத்தனை நாளா இதைத்தானே செஞ்சிட்டு இருந்தீங்க. என்னையும் முட்டாளாக்கிட்டு."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. யார் இவள் என்பது மாதிரி பார்த்தார்.

அடுத்த தெருவில் ரத்தம் பரிசோதிக்கிற இடம் ஒன்று உண்டு. இருநூற்று எண்பத்தாறுக்கு உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்ற பதற்றத்தில், ஓவன்காரரும் நானும் அவரைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் மூச்சு விடாமல் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளை.

"சார், என்ன வேலை பார்க்கிறீங்க?"

இத்தனை மாசத்தில் அவரிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவள். சொன்னார். கையைத் துடைத்துவிட்டுத்தான் குத்துவேன் என்றும் சொன்னார். அவள் அவரைக் குழாயடிக்குக் கூட்டிப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தினாள். ஐம்பத்து நாலு.

அவள் ஓடிப்போய்க் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தாள். அவர் குடிக்கும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டே பேசினாள். "விரல்ல ஒட்டியிருந்த சர்க்கரையைத்தாம்மா மெஷின் காட்டிருக்கு. ரத்தத்துல சர்க்கரை ரொம்ப இறங்கிப் போயிருச்சு. அந்த ஒரு கரண்டியும் இல்லன்னா விழுந்திருப்பாரு."

இரண்டாவது கரண்டியைப் பிடுங்கிய கை என் மடியில் கிடந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றைக்கே அவள் ரத்தம் எடுத்து, மூன்று மாசத்துச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க அனுப்பினாள். மறுநாள் தாள் வந்தது. நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்தது. எட்டு மாசமும் அவர் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறார். நாங்கள்தான் இல்லாத சர்க்கரைக்கு மாத்திரை போட்டு அவரை இறக்கிக்கொண்டிருந்தோம்.

தாளோடு கிளினிக்குக்குப் போனேன். வரிசையில் நிற்கவில்லை. டாக்டர் படித்துவிட்டு, கையைக் கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், மெஷின் பெட்டிக்குள் இருக்கிற தாளிலேயே போட்டிருக்கிறதே என்றார். எறும்பு எழுத்தில், எங்களுக்குத் தெரியாத பாஷையில் போட்டிருக்கிறது.

"பெட்டியில போட்டது இருக்கட்டும் டாக்டர். இத்தனை மாசமா நோட்டைப் பார்த்தீங்களே, ஒரு தடவை அவர் கையைப் பார்த்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்து மாத்திரையைப் பழையபடி ஒன்றாக எழுதினார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்தச் சீட்டில் இல்லை. முதலாளியும் அப்படித்தான். மேஜை உனக்குத்தான் மாஸ்டர் என்று தோளைத் தட்டினாராம், ஏதோ தானம் கொடுக்கிற மாதிரி. நாத்தனாருக்கு நானே போன் போட்டு, சிரித்ததற்கெல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். எல்லோரிடமும் சண்டை போட்டு முடித்தபோது, மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

வீட்டில் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் நானும் அழுது தீர்த்திருப்பேன். சர்க்கரை டப்பாவை பீரோவிலிருந்து எடுத்து அடுப்பங்கரையில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

மறுநாள் விடியற்காலை மூன்றரைக்கே எழுந்தார். ஆறு மணிக் கதையெல்லாம் அந்தப் பெண் மாற்றிவிட்டாள், எழுந்ததும் கழுவிப் பார்த்தால் போதும் என்று. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடியும் கழுவினார். புதுத் துண்டில் துடைத்தார். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த மெஷினையும் நோட்டையும் மேஜையில் வைத்துவிட்டு, என் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"நீயே குத்து."

நான் எதற்கு என்றேன்.

"நான் குத்தினா நான் சொல்றது. நீ குத்தினா நீ பார்த்தது."

குத்தினேன். நூற்றுப் பன்னிரண்டு. நோட்டை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். பேனாவை மூடப் போனேன், அவர் விரலை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கையெழுத்துப் போடு" என்றார்.

போட்டேன். ஐந்து மாசமாகத் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறேன். போதும் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.